தலைகீழாக நட்ட நங்கூரம்

ஓய்வு பெற்ற இந்த மூன்று வருடங்களில் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் மொத்தம் இரண்டு. முதலாவது, ஒரு பழைய கோப்பைக் காணோம், நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டீர்களா என்று கேட்டு வந்தது. இரண்டாவது போன மாதம் வந்தது. பேசியவர் ஜெனிபர் என்ற உதவிப் பொறியாளர். குரலை வைத்துப் பார்த்தால் என் மகளைவிடச் சின்னவள்.

“சார், புதுசா வேலைக்குச் சேந்தவங்களுக்கு ஒரு வகுப்பு வைக்கிறோம். பொதுமக்களோட சேந்து தெருவை அழகுபடுத்துறதைப் பத்தி நீங்க ஒரு மணி நேரம் பேசணும்.”

“நானாம்மா?”

“நீங்கதான் சார். ஃபைல்ல உங்க பேருதான் இருக்கு. போட்டோ அனுப்புறேன், பாருங்க.”

போட்டோ வந்தது. ஒரு தெருமுனை. சுவரில் நீல அலைகள். அதன் முன்னால் இடுப்பளவு மேடை. மேடைமேல் வெள்ளி நிறத்தில் ஒரு நங்கூரம். இப்போதெல்லாம் தெருவை அழகுபடுத்துவதென்றால் வெளியூர்க் கம்பெனி ஒன்று கம்ப்யூட்டரில் படம் போட்டு அனுப்பிவிடுகிறது. அந்தப் படங்களில் நம் ஊரில் முளைக்காத மரங்கள் நிற்கின்றன, நம் ஊரில் இல்லாத ஆட்கள் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அதைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இந்தப் பெண் பழைய கோப்புகளைக் கிளறியிருக்கிறாள்.

“நங்கூரம் வைக்கிற ஐடியா உங்களோடதுதானே சார்? பிரமாதம்!”

மூன்று வருடமாக நான் நல்ல கத்தரிக்காய் பார்த்து வாங்கி வந்ததற்குக்கூட யாரும் என்னைப் பாராட்டியதில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் அந்த நங்கூரத்தின் முழுக் கதையும் ஞாபகம் வந்தது.

வகுப்பில் உண்மையைச் சொன்னேன். ஆனால் கொடுத்த ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் வரவேற்புரையும் பொன்னாடையுமாகப் போனதால், பாதி உண்மைதான் சொல்ல முடிந்தது. மீதியைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் தாமிரபரணிக் கரையில், நெல்லும் வாழையும் விளைகிற ஊரில் பிறந்தவன். நாசரேத்தில் தங்கி டிப்ளமோ முடித்தேன். தூத்துக்குடியில் பணி ஆய்வாளராக வேலை கிடைத்தது. பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை சின்னதுதான். சாலையும் வாறுகால் என்கிற சாக்கடைக் கால்வாயும் போடும் இடத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, சொன்ன ஆழம் தோண்டியிருக்கிறதா, சொன்ன அளவு சிமென்ட் போட்டிருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். முதல் இருபது வருடம் இப்படியே போயிற்று. கடலோர ஊரில் வேலை பார்த்தேன் என்று பேர்தானே தவிர, கடலைப் பார்த்ததில்லை. கடலுக்குப் போகும் சாக்கடையைத்தான் பார்த்தேன்.

அப்புறம் மேலிடத்திலிருந்து ஒரு காலத்தில் உத்தரவு வந்தது, தெருக்களை அழகுபடுத்த வேண்டும், அதையும் தெருக்காரர்களோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்று. அலுவலகத்தில் யாருக்கும் அழகைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக அந்த வேலை என் தலையில் விழுந்தது.

என் முதல் முயற்சி மரம் நடுவது. மாப்பிள்ளையூரணி போகிற வழியில் ஒரு தெரு. தெருக்காரர்கள் குழி வெட்டித் தந்தார்கள், கன்றுக்கு ஒரு வீடு என்று பொறுப்பு எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் ஏற்பாடு என்னுடையது. பக்கத்திலேயே ஒரு ஆழ்துளைக் கிணறு இருந்தது. உப்புத் தண்ணீர். வாயில் வைக்க முடியாது. மனுஷனுக்குத்தானே நாக்கு, மரத்துக்கு என்ன என்று லாரியில் பிடித்து ஊற்றச் சொன்னேன். ஆற்றங்கரைக்காரனுக்குத் தண்ணீர் என்றால் எல்லாம் தண்ணீர்தான். மூன்று வாரத்தில் அத்தனை கன்றும் கருகிவிட்டது. சுற்றி வைத்த இரும்புக் கூண்டுகள் மட்டும் நன்றாக நின்றன. அந்தத் தெருப் பெண்கள் ரொம்ப நாள் அவற்றில் துணி காயப்போட்டார்கள்.

இரண்டாவது முயற்சி சுவர் ஓவியம். முத்துக்குப் பேர்போன ஊர் ஆயிற்றே என்று, வாய் திறந்த சங்குக்குள் ஒரு முத்து இருப்பதுபோல ஓவியரிடம் வரையச் சொன்னேன். மாடி உயரத்துக்கு வரைந்தார். மறுநாள் அந்த வழியாகப் போன பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சார், சங்குக்குள்ள முத்து இருக்கும்னா எங்க ஆளுவ எதுக்கு சார் சிப்பி பொறுக்கப் போனாவ?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சங்கை அழித்துச் சிப்பியாக்கினோம். ஆனால் சங்கின் வால் முழுதாக அழியவில்லை. இன்றைக்கும் அது சிப்பியா, சமோசாவா என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த இரண்டுக்கும் பிறகுதான் செய்யது சார் எங்கள் பிரிவுக்கு மேலதிகாரியாக வந்தார். காயல்பட்டினத்துக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் வளைகுடா நாடுகளில் இருக்க, வீட்டிலேயே கடல் தாண்டாத ஒரே ஆள் இவர். ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. காவலாளியைக்கூட ‘நீங்க’ என்றுதான் சொல்லுவார். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். குரல் இறங்கி நமக்குக் காது கேட்காத நிலைமை வந்தால், அன்றைக்கு நம் கதை முடிந்தது என்று அர்த்தம்.

தப்புச் செய்தவர்களை அவர் திட்டியே நான் பார்த்ததில்லை. நாம் எழுதிக் கொடுத்ததை எடுத்து, நம்மை எதிரே உட்காரவைத்து, வார்த்தை வார்த்தையாக வாசிப்பார். அவ்வளவுதான். நம் எழுத்தை இன்னொருவர் நிதானமாக வாசிக்க உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், அதற்குப் பதிலாக இரண்டு அறை கொடுத்திருக்கலாமே என்று தோன்றும்.

சங்கு விஷயத்தைக் கேள்விப்பட்டதும் அவர் ஒரு நோட்டு போடச் சொன்னார். தெருக் குறிப்பு என்று அதற்குப் பெயர். ஒரு தெருவில் கை வைக்குமுன் அதை மூன்று தடவை நடந்து பார்க்க வேண்டும். காலையில் ஒன்று, உச்சி வெயிலில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நோட்டில் மூன்று பத்திகள். என்ன கிடக்கிறது, எங்கே கிடக்கிறது, யாருடையது.

“கல்லு கிடந்தாலும் எழுதுங்க,” என்றார். “தெருவுல சும்மா கிடக்கிற பொருள்னு ஒண்ணு கிடையாது.”

அதற்கு ஒரு உதாரணமும் காட்டினார். ஒரு தெருமுனையில் சதுரமாக ஒரு கல் கிடந்தது. நான் மத்தியானம் பார்த்துவிட்டு ‘இடைஞ்சல், அகற்றவும்’ என்று எழுதியிருந்தேன். மறுநாள் விடிந்ததும் என்னை அங்கே வரச் சொன்னார். உப்பளத்துக்குப் போகிற பெண்கள் வந்தார்கள். வேன் வந்தது. ஒவ்வொருத்தியும் அந்தக் கல்லில் கால் வைத்துத்தான் ஏறினாள்.  செய்யது சார் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போய் வடை வாங்கிக் கொடுத்தார்.

இவ்வளவு பாடம் படித்தவன் அடுத்த தெருவில் ஒழுங்காக நடந்திருக்க வேண்டுமல்லவா? அங்கேதான் இருக்கிறது என் திறமை.

கடற்கரையை ஒட்டிய ஒரு குறுக்குத் தெரு அது. முப்பது வீடுகள் இருக்கும். பெரும்பாலும் கடல் தொழில் பார்க்கிறவர்கள். அந்தோணி அண்ணாச்சி என்ற டீக்கடைக்காரர் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். தெருமுனை குப்பைமேடாகிவிட்டது, பெண் பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறார்கள், நாங்களே சுத்தம் செய்கிறோம், நீங்கள் கல் பதித்து ஒரு பெஞ்சு போட்டுத் தாருங்கள் என்று கேட்டார். மக்கள் அவர்களாக வந்து கேட்டது என் அனுபவத்தில் அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து தெருவே இறங்கியது. காற்றுக் காலம். கடலுக்குப் போகாத ஆண்கள் எல்லாம் மண்வெட்டியோடு நின்றார்கள். கிழிந்த வலை, உடைந்த தெர்மோகோல், தேங்காய் மட்டை என்று அள்ள அள்ள வந்தது. எல்லாம் போன பிறகு, மின்கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நங்கூரம் தெரிந்தது. நாலு கொக்கி, நீளத் தண்டு, தண்டின் முனையில் கயிறு கட்டுகிற வளையம். மேலிருந்து கீழ்வரை செம்மண் பூசியதுபோலத் துரு.

எங்கள் ஊரில் துருப்பிடித்த இரும்பு என்றால் கைவிட்ட இரும்பு. உபயோகத்தில் இருக்கிற மண்வெட்டியும் அரிவாளும் வெள்ளையாகப் பளபளக்கும். கடற்கரையில் போன மாதம் வாங்கிய சைக்கிளே துருப்பிடித்துத்தான் நிற்கும் என்பது, இருபது வருடத்துக்கு மேல் அங்கே சம்பளம் வாங்கிய எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. தெருமுனைக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் எங்கே கிடைக்கும் என்ற ஞாபகம் மட்டும் வந்தது. எனக்கே புல்லரித்தது.

தெருக் குறிப்பு எழுத வேண்டுமே? மூன்று தடவை நடக்க வேண்டிய இடத்தில் அந்தோணி அண்ணாச்சி கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தடவை பார்த்தேன். மற்ற இரண்டு தடவையும் வீட்டில் ஈஸிசேரில் உட்கார்ந்து எழுதினேன். ‘நங்கூரம் ஒன்று. மின்கம்பத்தின் அருகே. துருப்பிடித்தது.’ மூன்றாவது பத்தியில் ‘யாருமில்லை’ என்று எழுதினேன். என் அழகான கையெழுத்தில்.

மேடை கட்டினோம். நங்கூரத்தை எப்படி நிறுத்துவது என்று யோசித்து, கொக்கிகள் மேலே இருந்தால் பூ விரிந்ததுபோல இருக்கும் என்று தண்டை உள்ளே இறக்கச் சொன்னேன். வளையமும் தண்டில் பாதியும் காங்கிரீட்டுக்குள் போயின. என் பணிக்காலம் முழுக்க ஒப்பந்தக்காரர்கள் சிமென்டைக் குறைப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவன் நான். இந்த ஒரு வேலையையாவது மனசாட்சிப்படி செய்வோம் என்று, சொன்ன அளவுக்கு மேலேயே சிமென்ட் போடவைத்தேன். ஈரச் சாக்கைச் சுற்றி இரண்டு வாரம் தினமும் நானே போய்த் தண்ணீர் ஊற்றினேன். நல்ல தண்ணீர்.

பிறகு வெள்ளிப் பெயிண்ட். சுவரில் தெருப்பிள்ளைகளும் பெண்களும் சேர்ந்து அடித்த நீல அலை. தெருவே வந்து வந்து நின்று பார்த்தது. வெள்ளிக்கிழமை காலை பெரிய அதிகாரி வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடாயிற்று. அந்தோணி அண்ணாச்சி வாடகைக்குச் சாமியானா சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது.

“சார், கொஞ்சம் வாங்க. ரோசம்மா மைனி ஊர்லருந்து வந்துட்டாவ.”

மைனி என்றால் அங்கே அண்ணி. யார் இந்த ரோசம்மா, அவர்கள் வந்தால் எனக்கென்ன என்று நினைத்துக்கொண்டே போனேன். மேடைக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, இடுப்பில் கை வைத்தபடி நின்றிருந்தார்.

“ஏலே அந்தோணி, எவன்லே எம் நங்கூரத்துக்குப் பவுடர் பூசினது? அதுவும் தலகீழா நட்டு வச்சிருக்கானுவ, வாழக்கன்னு நட்டாப்பல!”

அந்தோணி அண்ணாச்சி என்னைக் கையால் காட்டினார்.

ரோசம்மாளுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. சங்கெடுக்கப் போகிற படகு. கடலில் மூழ்கிச் சங்கெடுப்பவர்களைக் குளியாளி என்பார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஐந்து குளியாளிகள் அந்த வள்ளத்தில் போவார்கள். அதில் அவருடைய தம்பி லூர்துவும் ஒருவர். காற்றுக் காலத்தில் வள்ளத்தைக் கரையேற்றி, நங்கூரத்தைத் தெருமுனையில் போட்டுவிட்டு, மகளின் பிரசவத்துக்காகக் கணவரோடு நாகர்கோவில் பக்கம் போயிருந்தார்கள். வீடு இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. நான் வாசல் வழியாகப் பத்துத் தடவையாவது போயிருப்பேன்.

“அண்ணாச்சி, இது இவங்களுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“தெரியும் சார். தெருவுல எல்லாத்துக்கும் தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லலை?”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “அடுத்தவ நங்கூரத்த நாங்க தொடவே மாட்டோம் சார். நீங்க தொடுதீய. அப்போ மைனிட்ட கேட்டு, அவுங்களும் தெருவுக்குன்னு குடுத்திருக்காவன்னுதான் எல்லாரும் நெனச்சோம். கேக்காமலா சார் செய்வீய?”



காற்று திரும்பிவிட்டது, சங்குப் பருவம் தொடங்கிவிட்டது. வியாழக்கிழமை விடிந்ததும் வள்ளம் இறங்க வேண்டும். அன்றைக்கு இறங்காவிட்டால் குளியாளிகள் வேறு வள்ளத்துக்குப் போய்விடுவார்கள். போனால் அந்தப் பருவம் முழுக்க அங்கேதான். ரோசம்மாளின் வள்ளம் மணலில் கிடக்கும். புது நங்கூரம் அடிக்கக் கொல்லர் மூன்று வாரம் கேட்பார்.

நான் அப்போதும் வெள்ளிக்கிழமையைத்தான் நினைத்தேன். சாமியானாவையும் பெரிய அதிகாரியையும், கல்வெட்டில் கீழே சின்ன எழுத்தில் வரப்போகும் என் பெயரையும் நினைத்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

“ரெண்டே நாள்தாம்மா,” என்றேன். “யார்கிட்டயாவது ஒரு நங்கூரம் கடன் வாங்கிக்கிட்டுப் போகக்கூடாதா? சனிக்கிழமை இதை எடுத்துத் தந்துடுறேன்.”

ரோசம்மாள் திரும்பிப் பார்த்தார். எதிர் வீட்டு வாசலில் மூன்று சக்கர வண்டியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரோசம்மாளின் கணவர் சந்தியாகு. அவர்தான் பேசினார்.

“கடன் நங்கூரத்துலதான் சார் நான் இப்படி உக்காந்துருக்கேன்.”

நாலைந்து வருடத்துக்கு முன்னால் நடந்ததாம். அவர் கீழே பாறையோரம் சங்கு தேடிக்கொண்டிருந்தபோது, இரவல் வாங்கிய நங்கூரம் பிடி விட்டது. மேலே வள்ளம் நகர, வாயில் இருந்த காற்றுக்குழாய் இழுபட்டுப் பிடுங்கிக்கொண்டது. நிதானமாக ஏற வேண்டிய ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறினார், அப்படி ஏறினால் உடம்பு தாங்காது. உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் ரோசம்மாள் கொல்லர் பக்கத்திலேயே உட்கார்ந்து, பாறையைக் கவ்வுகிற மாதிரி நீளக் கொக்கி வைத்து, இரண்டு ஆள் தூக்குகிற கனத்தில் இந்த நங்கூரத்தை அடித்து வாங்கியிருக்கிறார். அந்த நங்கூரம் இருப்பதால்தான் குளியாளிகள் அந்த வள்ளத்துக்கு வருகிறார்கள்.

“ஆளு கீழ இருக்கும்போது வள்ளம் அசையப்பிடாது சார்,” என்றார் ரோசம்மாள். “வேற ஒண்ணுமில்ல. அதுக்குத்தான் அந்த இரும்பு.”

நான் நேரே செய்யது சாரிடம் போனேன். சொல்லி முடித்தேன். அவர் அலமாரியைத் திறந்து தெருக் குறிப்பை எடுத்தார். 

“நங்கூரம் ஒன்று,” என்று வாசித்தார். நிறுத்தினார். “மின்கம்பத்தின் அருகே. துருப்பிடித்தது.” கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். “யாருமில்லை.”



“யாருமில்லைன்னு எழுதுறதுக்கு முன்னாடி எத்தனை பேர்ட்ட கேட்டீங்க?”

குரல் இறங்கியிருந்தது. “யார்ட்டயும் கேக்கல சார்.”

“யார்ட்டயும் கேக்காம யாருமில்லைன்னு எப்படித் தெரிஞ்சது?” இதைக் கேட்டாரா, அல்லது உதட்டை மட்டும் அசைத்தாரா என்று எனக்கு நிச்சயமில்லை. பிறகு நோட்டை என் பக்கம் நகர்த்தினார். “மேல நான் பேசிக்கிறேன். நீங்க இந்த வரியை அந்தம்மாட்ட வாசிச்சுக் காட்டிட்டு, மேடையை உடைங்க.”

வாசித்துக் காட்டினேன். தெருவில், அத்தனை பேருக்கும் முன்னால். ரோசம்மாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நான் ஒருத்தி இருக்கேன் சார்,” என்று மட்டும் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. இன்றைக்கு எழுதும்போதும் அவமானமாகத்தான் இருக்கிறது.

புதன்கிழமை காலை உடைக்க ஆரம்பித்தோம். காங்கிரீட் உடைக்கிற மெஷினைக் கொண்டுவரச் சொன்னேன். சந்தியாகு வேண்டாம் என்றார். மெஷின் உதறுகிற உதறலில் வளையம் எங்கேயாவது கீறல் விட்டால் வெளியே தெரியாது, கடலில்தான் தெரியும். உளியும் சுத்தியலும்தான் ஒரே வழி. அப்போதுதான் என் மனசாட்சிப்படி போட்ட சிமென்டின் அருமை தெரிந்தது. உளி பட்டால் பொறி பறந்தது, கல் பெயரவில்லை.

“என்ன சார், கோட்டையா கட்டுனீய?” என்றார் லூர்து. அக்காவின் நங்கூரம் சிக்கிக்கொண்டது என்று கேட்டு நாலு குளியாளிகளோடு வந்திருந்தார். “ஒங்க ஆபீஸ்ல போடுத ரோடெல்லாம் ஒரே மழையில பேந்துருது. இத மட்டும் எப்படி சார் இப்படிப் போட்டீய?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வழி?

சட்டையைக் கழற்றிவிட்டு நானும் அடித்தேன். அளவு பார்த்தே பழகிய கை. பத்து அடிக்குள் கொப்புளம் வந்துவிட்டது. முறை வைத்து அடித்தோம். அந்தோணி அண்ணாச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கடையிலேயே நின்றார், சாமியானா அவர் மனசில் இருந்தது. பிறகு அவரும் உளியோடு வந்தார். பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள். சுத்தம் செய்ய எப்படி இறங்கினார்களோ அப்படியே உடைக்கவும் தெரு இறங்கியது.

மத்தியானம் புதைந்திருந்த தண்டு தெரிந்தது. மூன்று மணிக்கு வளையத்தின் மேல் விளிம்பு தெரிந்தது. வளையத்துக்குள் காங்கிரீட் முழுசாக இறுகியிருந்தது. கயிறு கட்டுகிற இடம், பட்டுவிடக்கூடாது. சந்தியாகு வண்டியைத் தள்ளச் சொல்லிப் பக்கத்தில் வந்தார். சின்ன உளியை என்னிடம் கொடுத்து, “இது நீங்க செய்யுங்க சார். ஒங்க கைக்கு பலம் இல்ல. அதான் இதுக்கு நல்லது,” என்றார். என் கையின் பலவீனம் உபயோகப்பட்டது அந்த ஒரு நாள்தான். துளித்துளியாகத் தட்டி, ஊதி, மறுபடி தட்டி, இரண்டு மணி நேரத்தில் எடுத்தேன்.

நங்கூரத்தைக் கிடத்தினார்கள். கொல்லர் வந்து, அதன் ஒவ்வொரு பாகத்தையும் சுத்தியலால் லேசாகத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். வளையத்தை மட்டும் மூன்று தடவை தட்டினார்.  “நல்லாத்தான் இருக்கு,” என்றார். வெள்ளிப் பெயிண்டைச் சுரண்ட நேரமில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

வியாழக்கிழமை நான் அலுவலகத்தில் இருந்தேன் என்று வருகைப் பதிவேடு சொல்லும். உண்மையில் பதினோரு மணியிலிருந்து கடற்கரையில் இருந்தேன். கொல்லருக்குக் கேட்காத கீறல் ஏதாவது இருந்தால்? என் உளி எங்கேயாவது தவறிப் பட்டிருந்தால்? இந்த நேரம் யாரோ ஒருவர் கடலடியில், நான் தொட்ட இரும்பை நம்பி இருக்கிறார். அந்த நினைப்பில் சோறு இறங்கவில்லை. ரோசம்மாள் கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்திருந்தார். 

நாலு மணிவாக்கில் வள்ளம் வந்தது. ஐந்து தலையையும் எண்ணினேன். லூர்து தண்ணீரில் குதித்து நடந்து வந்தார். அக்காவைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார்.

“அசையல சார்.”

நான் கைக்குட்டையை எடுத்தேன். வியர்வை என்று சொல்லிக்கொண்டேன்.

“ஆனா ஒண்ணு,” என்றார் அவர். “அடியில வெள்ளியாட்டம் மின்னுது பாத்துக்கிடுங்க. மீனெல்லாம் சங்க விட்டுட்டு அதப் பாக்க வருது.”

வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வந்தார். செய்யது சார் அவரிடம் என்ன பேசினாரோ தெரியாது, விழா நடந்தது. ரிப்பன் வெட்டினார். திரை விலகியதும், நடுவில் குழியோடு ஒரு வெறும் மேடை.

“இதுல என்ன வைக்கப் போறீங்க?” என்றார்.

 

“வச்சாச்சு சார்,” என்றது சந்தியாகுவின் குரல், வண்டியிலிருந்து. “வேலைக்குப் போயிருக்கு.”

அதிகாரி சிரித்துவிட்டார். அந்தக் குழியை அப்புறம் நாங்கள் மூடவில்லை. தண்டு சும்மா இறங்கி நிற்கிற அளவுக்கு விட்டு, பூச்சு மட்டும் பூசிக் கொடுத்தோம். காற்றுக் காலத்தில் ரோசம்மாள் நங்கூரத்தைக் கொண்டுவந்து அதில் நிறுத்துவார். தலைகீழாகத்தான். தெருவுக்கு அது பழகிவிட்டது. பருவம் தொடங்கினால் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கோப்பில் இருந்த போட்டோ அப்படி ஒரு காற்றுக் காலத்தில் எடுத்தது.

வகுப்பு முடிந்ததும் ஜெனிபருக்கும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். வேனில் போனோம். எனக்குப் போட்ட பொன்னாடையைக் கழற்ற மறந்துபோய் அப்படியே இறங்கினேன். மேடை வெறுமையாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளைகளுக்குத்தான் ஏமாற்றம்.

ரோசம்மாள் சத்தம் கேட்டு வெளியே வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன சார், ரிட்டயர் ஆயிட்டீயளாமே. நல்லாத் துருப்பிடிச்சாப்பல இருக்கீய. மேல பளபளன்னு வேற சுத்தி விட்டுருக்காவ!”

“ஆமாம்மா,” என்றேன். “என்னையும் இந்தக் குழியில நிறுத்திற வேண்டியதுதான்.”

ஜெனிபர் கையில் நோட்டு இருந்தது. மூன்று பத்தி போட்டு, தெருவைப் பார்த்துப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். ரோசம்மாள் அவளருகே போய் நோட்டை எட்டிப் பார்த்தார்.

“தாயி, சாரையும் இதுல எழுதப்போறியா? எழுதுனா பாத்து எழுது. துருவப் பாத்துட்டு யாருமில்லன்னு எழுதிராத.” ‘யாருடையது’ என்ற மூன்றாவது பத்தியில் விரலை வைத்தார். “இங்கன எங்க தெருப் பேரப் போட்டுரு.”

அந்தப் பெண் நிஜமாகவே எழுதிக்கொண்டாள்.